தட்டை இறக்கி வைத்த மதியம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஜன்னலோர மேஜைக்காரர் போகிற போக்கில் ஒன்று கேட்டுவிட்டுப் போனாரே, அந்தக் கேள்வி இன்னும் அக்காவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

"வீட்டுக்காரி பிறந்தநாள் அன்னிக்கு உன் பேருக்குக் கார்டுலயே டிப்ஸ் நல்லாப் போட்டேன்மா. வந்துச்சுல்ல?"

"வந்துச்சு சார்" என்று சிரித்து வைத்தாள். வரவில்லை.

அந்த உணவகத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது வாடிக்கையாளர்கள்கூட அப்படித்தான். நரைத்த தலையோடு வருகிற பெரியவர் "அக்கா, கொஞ்சம் சூப்பு" என்பார். அவளும் முகம் மாறாமல் கொண்டுபோய் வைப்பாள்.

மேஜையில் ரொக்கமாக விடுகிற டிப்ஸ் அன்றன்றைக்கே உண்டியலில் விழுந்து, கடை சாத்தும்போது எல்லாருக்கும் பிரியும். கார்டில் போடுவது அப்படியில்லை. அது முதலாளியம்மாவின் கணக்குக்குப் போகும். அவர் வாரக் கடைசியில் பணமாக எடுத்து, ஒரு கவரில் போட்டு, சூப்பர்வைசரிடம் கொடுப்பார். சூப்பர்வைசர் பிரித்துத் தருவான்.

முதலாளியம்மா கவரை நீட்டும்போது அக்கா ஒருமுறை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். நல்ல தடிமனான கவர். அவர்கள் கைக்கு வந்தபோதோ அது காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இளைத்திருந்தது.

அந்த சூப்பர்வைசர் வேறு யாருமில்லை. அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

*

கரண்டிகளை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். கடை இன்னும் திறக்கவில்லை. அடுக்களையில் வெங்காயம் நறுக்குகிற சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் கேட்டது.

நெட்டையன் வந்து எதிரே நின்றான். ஆள் உயரத்துக்கு வைத்த பேர். விளக்கின் கீழே நின்றால் அவன் நிழலிலேயே ஒரு மேஜை போடலாம்.

"அக்கா, முடிவு பண்ணியாச்சு. இன்னிக்குத்தான்."

"என்ன இன்னிக்கு?"

"முதலாளியம்மா மத்தியானம் சாப்பிட வர்றாங்க. கூட்டம் நெரியுற நேரத்துல எல்லாரும் தட்டை இறக்கி வெச்சுடப் போறோம். கார்டு டிப்ஸ் எங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கப் போறோம். மாஸ்டரும் அடுப்பை அணைக்கிறேன்னு சொல்லிட்டார்."

அக்காவின் கையிலிருந்த கரண்டி ஈரத்தில் வழுக்கியது.

"அம்மாதான் அமுக்குறாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

"பின்ன யாரு, காக்காவா தூக்கிட்டுப் போகுது? சம்பளம் வாடகைக்குத்தான் அக்கா ஆகுது. மிச்சதெல்லாம் மேஜையிலேர்ந்துதான் வரணும். வீட்டுக்காரி பிரசவத்துக்கு வேலையை விட்டுட்டு உக்காந்திருக்கா. 'நல்லாக் கவனிச்சீங்க தம்பி'ன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டுப் போறாங்க. அந்தப் பாராட்டைக் கொண்டுபோய் மருந்துக் கடையில நீட்ட முடியுமா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அக்காவின் கதையும் அதேதான். சம்பளம் வந்த கையோடு வீட்டு வாடகைக்கும் மின்சாரத்துக்கும் போய்விடும். அரிசி, பருப்பு, மகளின் பள்ளிக்கூடச் செலவு, அறுந்துபோன செருப்பு, எல்லாம் அடுத்தவர் சாப்பிட்டு எழுந்த மேஜையின் ஓரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அதனால்தான் தலைவலியிலும் சிரிக்கிறாள். சூடு ஆறிப்போச்சு என்று கத்துகிறவரிடமும் "இதோ மாத்திக் கொண்டுவர்றேன் சார்" என்கிறாள்.

"நீதான் அக்கா பேசணும். நீ பேசினாத்தான் அம்மா காது குடுத்துக் கேப்பாங்க."

"நாளைக்கு வெச்சுக்கலாமேடா."

"ஏன்?"

அக்கா துடைத்த கரண்டியைத் திரும்பவும் வெந்நீரில் முக்கினாள்.

நெட்டையன் அவளை உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வையில் இதற்குமுன் இல்லாத ஒன்று இருந்தது.

"உனக்கு ஏதாவது தெரியுமா அக்கா?"

"ஒரு நாள் பொறுன்னுதானே கேக்குறேன்."

"நாங்க பொறுத்தது போதும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

*

தம்பி சரக்கறையில் எண்ணெய் டின்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை. சர்வராக இருந்தபோது ஏப்ரனில் குழம்புக் கறையோடு திரிந்தவன்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கார்டு டிப்ஸ்ல கை வெச்சியா?"

சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

தம்பி திரும்பவே இல்லை. ஒரு டின்னின் மூடியைத் திறந்தான், மூடினான்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. வெச்சியா, இல்லையா?"

மூடியை இன்னொரு முறை அழுத்தினான். பிறகு டின்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வேற வழி தெரியலை அக்கா. தட்டு தூக்கினப்ப வீட்டுக்குக் கொண்டுபோனதுல பாதிதான் இப்பக் கொண்டுபோறேன். சம்பளத்துல கொஞ்சம் ஏத்திக் குடுத்தாங்க, சரி. ஆனா சூப்பர்வைசருக்கு டிப்ஸ்ல பங்கு கிடையாதுன்னு சொல்லிட்டாங்களே. நான் சிரிச்சா எவன் காசு வைக்கிறான்?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்தப் பதவியை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டார். சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. மறுநாளே முதலாளியம்மாவிடம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, "எப்படியாவது அவனை மேல ஏத்தி விடுங்கம்மா" என்று நின்றவள் இவள். கல்யாணமும் நடந்தது. மேலே ஏறியவன் கையில் கீழே இருந்தபோது இருந்த காசு இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? மாப்பிள்ளைக்குப் பெரிய பதவின்னு அவங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார். அவகிட்டப் போய், எனக்கு வருமானம் குறைஞ்சுபோச்சுன்னு சொல்லச் சொல்றியா? அதை ஈடுகட்டத்தான் எடுத்தேன். எல்லாம் வீட்டுக்குத்தான் அக்கா போச்சு."

"அது உன் காசு இல்லடா. நெட்டையனோட காசு. என் காசு. அடுக்களையில பாத்திரம் தேய்க்கிறாளே, கையெல்லாம் புண்ணா, அவளோட காசு."

"திருப்பிக் குடுத்துடறேன்."

"இப்பவே போய் அம்மாகிட்ட சொல்லு. அவங்களா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீயா சொன்னா அது வேற."

தம்பி எழுந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை வேர்த்திருந்தது.

"நாளைக்குக் காலையில சொல்லிடறேன். சத்தியமா. இன்னிக்கு மட்டும் விட்டுடு அக்கா. மத்தியானம் அவளும் அவங்கப்பாவும் இங்க சாப்பிட வர்றாங்க. நான் வேலை செய்யுற இடத்தைப் பார்க்கணுமாம். அவர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுடாத."

சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வான். அப்போதும் இதே குரல்தான்.

"நாளைக்குக் காலையில" என்றாள் அக்கா. அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வரும்போதே கசந்தது.

*

மதியம் கூட்டம் பொங்கி வழிந்தது. வாசலில் இடத்துக்குக் காத்து நின்றவர்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைச் சீக்கிரம் எழுந்திரு என்று கண்ணாலேயே விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மாமனாரையும் மனைவியையும் நடுக்கூடத்து மேஜைக்கு அழைத்துவந்து உட்காரவைத்தான். அது அக்காவின் மேஜை.

"மாப்பிள்ளை, இத்தனை பேரையும் நீங்கதான் மேய்க்கிறீங்களா?" என்றார் மாமனார், சுற்றுமுற்றும் பார்த்து.

"ஏதோ பார்த்துக்கிறேன் மாமா."

அக்கா தண்ணீர் வைத்தாள். மாமனார் அவளைப் பார்த்ததும் சங்கடப்பட்டவர் மாதிரி நாற்காலியில் நெளிந்தார்.

"நீங்க ஏம்மா இன்னும் தட்டு தூக்கிட்டு? தம்பிகிட்ட சொல்லி உக்கார்ற வேலையா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

"நின்னே பழகிப்போச்சு மாமா" என்று சிரித்தாள்.

தம்பி மனைவி மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு படிந்திருந்தது. ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டது.

முதலாளியம்மா வந்தார். எப்போதும்போல மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்தார். சூப்பு மட்டும் போதும் என்றார். அறுபது தாண்டியும் முதுகு வளையாத பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலேயே ஆட்களை நடுங்க வைப்பார்.

அக்கா நெட்டையனைத் தேடினாள். அடுக்களைக் கதவருகே அவன் கண்ணைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான்கு பேர் சாப்பாட்டை ஏந்திய பெரிய தட்டோடு நடுக்கூடத்துக்கு வந்தான். அதைப் பரிமாறாமல், மெதுவாக, ஓசைப்படாமல், காலியாக இருந்த ஒரு பக்க மேஜைமேல் இறக்கி வைத்தான்.

ஒருவர் பின் ஒருவராக மற்ற சர்வர்களும் வைத்தார்கள். அடுக்களையில் அடுப்பின் இரைச்சல் அடங்கியது. அதுவரை யாருக்குமே கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி இப்போது கேட்டது.

அக்காவின் கையில் மட்டும் சூப்புக் கிண்ணங்கள் இருந்தன. அவள் வைக்கவில்லை. வைக்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

"சார், சாப்பாடு வருமா வராதா?" என்றார் யாரோ.

நெட்டையன் மூலை மேஜைக்கு முன்னால் போய் நின்றான். அவ்வளவு உயரமும் லேசாக ஆடியது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்க எங்களுக்குன்னு கார்டுல போடுற காசு எங்க கைக்கு முழுசா வர்றதில்ல. அது எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

முதலாளியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் எடுத்துக்கிட்டேன்கிறியா?"

"வரலைன்னு சொல்றேம்மா."

"இந்தக் கடையை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து சர்வர் காசை நான் தொட்டதில்ல. வந்தது வந்தபடி குடுத்துடறேன்." கழுத்தை மட்டும் திருப்பினார். "சூப்பர்வைசர், இங்க வாப்பா."

தம்பி வந்தான். மாமனார் நாற்காலியை இவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை எப்படிச் சமாளிக்கிறார் பார்க்கலாம் என்கிற ஆர்வம் அவர் முகத்தில்.

"வாராவாரம் நான் குடுக்கிறதை இவங்களுக்கு முழுசாக் குடுத்தியா இல்லையா?"

அந்த ஒரு கணத்தில் அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்று அக்கா நம்பினாள். உண்மையாகவே நம்பினாள்.

"குடுத்துட்டேம்மா" என்றான் தம்பி. "ஒத்தக் காசு குறையாம. இவனுக்கு வீட்டுல கஷ்டம். அதான் இல்லாததைக் கிளப்பி விடுறான்."

நெட்டையன் தம்பியின் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் முதலாளியம்மா. குரல் அப்போதும் உயரவில்லை. "என் வாடிக்கையாளர் முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னவன் இங்க வேலை பார்க்க வேண்டாம். ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுப் போ."

நெட்டையன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சைத் தேடினான். இழுத்ததில் முடிச்சு அவிழாமல் இறுகியது. அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்க வேண்டியதைக் காலையிலேயே கேட்டுவிட்டான்.

அக்கா சூப்புக் கிண்ணங்களைக் கொண்டுபோய், கேட்டவர்கள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு திரும்பினாள்.

"அவன் பொய் சொல்லலைம்மா."

"என்ன?"

"எனக்கும் வரலை. இங்க யாருக்கும் வரலை. நீங்க குடுத்த கவரை நான் பார்த்தேன். எங்க கைக்கு வந்ததையும் பார்த்தேன். நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"அக்கா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. நாளைக்குச் சொல்றேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணே. நானும் வாயை மூடிட்டு இருந்தேன். அந்த ஒரு நாளைக்கு இன்னொருத்தன் வேலை போகணுமா? அவன் பொண்டாட்டி நிறைமாசமா இருக்காடா."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடம் முழுக்கத் தம்பியைப் பார்த்தது. அவன் டையின் முடிச்சைத் தளர்த்தினான்.

முதலாளியம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"உன் தம்பிக்காக என் காலைப் பிடிக்காத குறையா நின்னவ நீ."

"ஆமாம்மா. நான்தான் நின்னேன்."

முதலாளியம்மா எழுந்தார்.

"நெட்டை, அந்த முடிச்சை விடு. உன்னைப் போகச் சொன்னது என் தப்பு. இனிமே கவரை நீங்க எல்லாரும் இருக்கும்போதே பிரிப்பேன். சூப்பர்வைசர், நீ என் அறைக்கு வா. சாவியையும் எடுத்துட்டு வா."

தம்பி அவர் பின்னாலேயே போனான். அக்காவைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றான். திட்டுவான் என்று நினைத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், பையில் சாவியைத் தேடிக்கொண்டே நடந்தான். அது திட்டியதைவிட வலித்தது.

எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அக்கா கைதட்டினாள்.

"என்ன வேடிக்கை? மாஸ்டர், அடுப்பைப் பத்த வைங்க. ஜன்னலோரத்துக்கு மீன் போகணும். ஆறினதையெல்லாம் சூடு பண்ணிக் குடுங்க. பசியோட உக்காந்திருக்காங்க பாருங்க!"

நெட்டையன் தட்டைத் தூக்கினான். அவளைக் கடக்கும்போது ஏதோ சொல்ல வந்தான்.

"அப்புறம் பேசிக்கலாம்டா. முதல்ல இதைக் கொண்டுபோ" என்றாள்.

மாமனார் சாப்பாட்டைத் தொடாமலே எழுந்துவிட்டார். வாசலுக்குப் போகிற வழியில் அவள் முன் நின்றார்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானேம்மா நீங்க? நாலு பேர் முன்னாடி இப்படிப் போட்டு உடைச்சுட்டீங்களே."

"நாலு பேர் முன்னாடிதான் மாமா அவனும் பொய் சொன்னான்."

அவர் மகளைப் பார்த்து, "கிளம்பு" என்றார்.

"நீங்க போங்கப்பா. நான் வர்றேன்" என்றாள் அவள்.

*

கூட்டம் வடிந்ததும் அக்கா அடுக்களைக்குப் பின்னால் இருந்த சந்துக்கு வந்தாள். காலி காய்கறிப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

தம்பி மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். அழவில்லை.

"அண்ணி, அவர் எதுக்கு எடுத்தாராம்?"

அக்காவுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"உனக்காகத்தான்மா. சூப்பர்வைசர் ஆனதுக்கு அப்புறம் வருமானம் குறைஞ்சுபோச்சாம். உன்கிட்ட அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, இதை எடுத்து ஈடுகட்டியிருக்கான். தப்புதான். ஆனா எல்லாம் வீட்டுக்குத்தான் வந்துச்சுன்னான்."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். புரியாத பாஷையில் யாரோ பேசியதுபோல.

"என்கிட்ட சொல்ல வெக்கப்பட்டாரா? முதல் மாசச் சம்பளத்தன்னிக்கே சொல்லிட்டாரே அண்ணி. பாதிதான் வந்திருக்கு, எப்படியாவது சமாளின்னு. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு நான்தான் சொன்னேன். ராத்திரியெல்லாம் பக்கத்து வீட்டுத் துணியை வாங்கித் தெச்சுத்தான் குடும்பத்தை ஓட்டிட்டு இருக்கேன்."

கண்ணுக்குக் கீழே படிந்திருந்த கருப்புக்கு இப்போது அர்த்தம் தெரிந்தது.

"அப்படின்னா கார்டுக் காசு..."

"வீட்டுக்கு வரலை அண்ணி. சம்பளத்தைத் தவிர ஒத்தக் காசு வரலை."

அக்கா பெட்டியை விட்டு எழுந்தாள். காலையில் சரக்கறையில் தன் கையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துப்போய்க் கெஞ்சினானே. அவமானத்தில் உண்மையைக் கக்குகிறான் என்றல்லவா நினைத்தாள். வீட்டுக்குக் கொடுத்த கதையையும் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துகொண்டு சமைத்திருக்கிறான்.

பின்கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். டை இல்லை, சாவிக்கொத்து இல்லை. வேலை போனவனின் முகம்தான். ஆனால் அதில் அவள் எதிர்பார்த்த கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

மனைவியும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவன் கால் படியிலேயே நின்றுவிட்டது. முதலாளியம்மா முன்னால் நின்றபோதுகூட இல்லாத பயம் அவன் கண்ணில் வந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக. "இவகிட்ட என்ன சொன்ன?"